எங்கள் மாலைப்பொழுதை எங்களிடம் கேட்டு வாங்குங்கள்: நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

யார் எத்தனை மணி வரை வேலை பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். பணிப்பட்டியலில் கடைசிக் கையெழுத்து உங்களுடையது. அந்தக் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டுப் பல ஆண்டுகளாக ஷிப்ட் வேலை பார்த்துவரும் ஒருவர் எழுதும் மடல் இது. எங்கள் நிர்வாகத்தை மனத்தில் வைத்தே எழுதத் தொடங்கினேன். ஆனால் மருத்துவமனையில், கிடங்கில், அழைப்பு மையத்தில், கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் நண்பர்களிடம் பேசியபோது எல்லோருடைய குறையும் ஒன்றாகவே இருந்தது: கட்டாய ஓ.டி., அதாவது ஷிப்ட் முடிந்த பிறகும் எங்களைக் கேட்காமலே கூடுதல் நேரம் வேலைக்கு நிறுத்திவைப்பது. அதனால்தான் இதை உறையில் போட்டு ஒட்டாமல் திறந்த மடலாகவே அனுப்புகிறேன்.

ஓ.டி. என்றாலே முகம் சுளிக்கிற ஆள் நான் இல்லை. ஒருமுறை முக்கியமான இயந்திரம் நடுவில் நின்றுபோய், விடிவதற்குள் சரக்கு கிளம்பியாக வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. "யாரால் இருக்க முடியும்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். பாதிப் பேருக்கு மேல் கையைத் தூக்கினார்கள். அந்த இரவு யாரும் முணுமுணுக்கவில்லை. வேலை முடிந்து வெளியே வந்தபோது எல்லோருக்கும் கால் கடுத்தது. ஆனாலும் சிரித்துப் பேசிக்கொண்டே கலைந்தோம். அதே ஆட்கள், அதே நான்கு மணி நேரம், அதே கூலி விகிதம். "இன்று யாரும் வெளியே போகக் கூடாது" என்று அறிவிக்கப்படும் நாட்களில் அந்தக் கூடத்தில் ஒருவரோடு ஒருவர் பேசுவதே நின்றுவிடுகிறது. இந்த இரண்டு இரவுகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன். மணிக்கணக்கு எங்கள் உடம்பைக் களைப்படையச் செய்கிறது. கேட்காமலே எங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வது எங்களை மனம் விட்டுப்போகச் செய்கிறது.

இதை வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்கிவிட வேண்டாம். நெதர்லாந்தில் டெபி பெக்கர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் முழுநேரப் பணியாளர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2008-இல் வெளிவந்தது. அவர்கள் பார்த்தது இரண்டு விஷயங்களை: ஓ.டி.யைத் தாமாக விரும்பிச் செய்தார்களா, அதற்குத் தக்க ஈடு கிடைத்ததா. விரும்பிச் செய்தவர்கள், ஈடு கிடைக்காத நிலையிலும் அதிகம் சோர்ந்துபோகவில்லை; வேலையில் மனநிறைவோடு இருந்தார்கள். கட்டாயத்தின் பேரில் செய்தவர்களிடம் சோர்வு கூடியிருந்தது, மனநிறைவு குறைந்திருந்தது. கட்டாயமும் இருந்து ஈடும் இல்லாதவர்களின் நிலை எல்லோரைவிடவும் மோசம். இதற்கு வெகுகாலம் முன்பே, 1979-இல், ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதையொட்டிய ஒன்றைச் சொல்லியிருந்தார். வேலைப்பளு மிகுந்து, அந்த வேலையின்மீது தனக்கு எந்தப் பிடியும் இல்லாமல் போகும்போதுதான் ஒரு பணியாளர் மிகவும் நசுங்குகிறார் என்பது அவருடைய முடிவு. அவர்கள் அளந்து எழுதியதை நாங்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அனுபவிக்கிறோம்.

ஷிப்ட் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது எங்கள் கூடத்துக்கு நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். மேற்பார்வையாளர் கையில் ஒரு தாளோடு வருவார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அன்று ஓ.டி.க்கு நிற்க வேண்டியவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும். உள்ளே சிக்னல் கிடைக்காது என்பதால், அவர்கள் வீட்டுக்குப் பேச மாடிப்படியின் திருப்பத்தில் போய் நிற்பார்கள். அங்கே ஒரு சிறு வரிசையே உருவாகிவிடும். ஒருவர் பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்துவரச் சொல்லி அடுத்த வீட்டாரிடம் கெஞ்சுகிறார். சென்ற வாரம் உதவிய அதே வீட்டார் இந்த முறை தயங்குவது அவர் குரலிலேயே தெரிகிறது. இன்னொருவருடைய தாயாருக்கு இரவு மாத்திரையை எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டும். எந்த நிற மாத்திரை, எந்தப் பெட்டி என்று தொலைபேசியிலேயே விளக்கிக்கொண்டிருக்கிறார். மாலை வகுப்பில் சேர்ந்து தேர்வுக்குப் படிக்கும் இளைஞன் யாரையும் அழைக்கவில்லை. இரண்டு சொல்லில் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொள்கிறான். அந்த வகுப்புக்கு அவன் கட்டிய பணம் திரும்பி வராது. பிறகு எல்லோரும் அவரவர் இடத்துக்குத் திரும்புகிறார்கள். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எண்ணிக்கைப் பலகையைப் பாருங்கள். கைகள் வேலை செய்துகொண்டிருக்கும், எண்ணிக்கை இறங்கியிருக்கும்.

கட்டாய ஓ.டி. அந்த நான்கு மணி நேரத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது என்று நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள். சம்பளச் சீட்டிலும் அப்படித்தான் அச்சாகிறது. உண்மையில் அது எங்களுடைய எல்லா மாலைகளையும் எடுத்துக்கொள்கிறது. எந்த நாளில் தாள் வரும் என்று தெரியாததால், வராத நாளிலும் எங்களால் எதையும் திட்டமிட முடிவதில்லை. மருத்துவரிடம் நேரம் குறிக்க முடியவில்லை. உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வருகிறேன் என்று உறுதி சொல்ல முடியவில்லை. பள்ளி ஆண்டு விழாவில் தன் நடனத்தைப் பார்க்க வருவாயா என்று மகள் கேட்டால், "பார்க்கலாம்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். சிறிது காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள். மாதத்தில் ஐந்து நாள் ஓ.டி. போட்டால் இருபது மணி நேரம் என்று உங்கள் கணக்கேடு சொல்லும். மீதமுள்ள இருபத்தைந்து மாலைகளையும் நாங்கள் அரைமனத்தோடு காத்திருந்தே கழித்தோம் என்பதைக் குறிக்க அதில் இடம் கிடையாது.

இனி, நிறுவனம் இழப்பது என்ன என்று பார்ப்போம். உங்களுக்கு அதுதான் முக்கியமாகப் படும், அது நியாயமும்கூட.

மனம் விட்டுப்போன பணியாளர் உடனே வேலையை விட்டுப் போவதில்லை. சண்டையும் போடுவதில்லை. முதலில் அவரிடமிருந்து போவது சம்பளத்தில் சேராத வேலை. எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். தாங்கு உருளை (பேரிங்) தேயத் தொடங்கினால் இயந்திரத்தின் சத்தத்தில் வரும் சிறு மாற்றம் அவர் காதுக்குத்தான் முதலில் எட்டும். முன்பெல்லாம் ஷிப்ட் முடிந்த பிறகும் அவர் நின்று, அடுத்த ஷிப்ட்காரரைத் தேடிப் பிடித்து, "இதைக் கொஞ்சம் கவனித்துக்கொள், நாளைக்கு எண்ணெய் விட்டுப் பார்க்கச் சொல்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அப்படிச் செய்யும்படி யாரும் அவருக்கு ஆணையிட்டதில்லை. கட்டாய ஓ.டி. வாடிக்கையான பிறகு அந்தப் பழக்கம் நின்றுபோனது. இப்போது மணி அடித்தால் கையைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கிறார். காரணம் கேட்டேன். "நின்றால் பிடித்துக்கொள்வார்கள்" என்றார். அவர் சொன்னதில் கோபம் துளியும் இல்லை. அதுதான் எனக்கு அதிக வருத்தமாக இருந்தது.

இதுபோல் எத்தனையோ. புதிதாகச் சேர்ந்தவருக்கு அருகில் நின்று சொல்லிக்கொடுப்பது, பழுதான ஒரு பொருள் அடுத்த கட்டத்துக்குப் போவதற்கு முன் எடுத்து வைப்பது, தவறு நடந்தால் மறைக்காமல் வந்து சொல்வது, ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர் பங்கையும் சேர்த்துப் பார்ப்பது. இவற்றில் எதையும் ஆணை போட்டு வாங்க முடியாது. நம் இடம், நம் வேலை என்ற எண்ணம் இருக்கும் வரைதான் இவை நடக்கும். தன் வீட்டுக்குப் போகும் நேரத்தைக்கூட மற்றவர் தீர்மானிக்கும் இடத்தை யாரும் நம் இடம் என்று நினைப்பதில்லை.

அடுத்தது விடுப்பு. "இன்று என்னால் முடியாது" என்று சொல்லும் வழியை நீங்கள் அடைத்துவிட்டால், மக்கள் வேறு வழியில் அதைச் சொல்வார்கள். காலையில் தொலைபேசியில் வரும் "காய்ச்சல்" என்ற சொல்லுக்குப் பின்னால், பல சமயம், முந்தின இரவு மறுக்க முடியாமல் போன நான்கு மணி நேரம் இருக்கிறது. ஒருவர் வரவில்லை என்றால் அவர் வேலை மற்றவர்மேல் விழும். அதைச் சமாளிக்க இன்னொரு தாள் வரும். அந்தத் தாளால் மறுநாள் இன்னும் இருவர் வரமாட்டார்கள். இது பெருகிக்கொண்டே போகும்.

அதன் பிறகுதான் ராஜினாமாக்கள். இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். முதலில் போகிறவர் வேலை தெரியாதவர் அல்லர். வேறு இடத்தில் உடனே வேலை கிடைக்கக் கூடியவர்தான் முதலில் போவார். அதாவது உங்களிடம் இருப்பவர்களில் திறமைசாலி. அவர் போன இடம் நிரப்பப்படும் வரை எஞ்சியவர்களுக்குக் கூடுதல் ஓ.டி. அதைத் தாங்காமல் அடுத்த திறமைசாலி போவார். ஆள் குறைவைச் சமாளிக்க என்று தொடங்கிய கட்டாய ஓ.டி., கடைசியில் ஆள் குறைவை உற்பத்தி செய்யும் இயந்திரமாகவே மாறிவிடுகிறது.

"இவ்வளவு இருந்தாலும் உற்பத்தி கூடுகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்கான விடை நூறு ஆண்டுகளாகவே ஏட்டில் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பணியாளர்கள் வாரத்துக்கு எழுபது மணி நேரம் வரைகூட வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போரில் தோற்றுவிடக் கூடாது என்ற நெருக்கடியைவிடப் பெரிய நெருக்கடி எந்த நிறுவனத்துக்கும் வரப்போவதில்லை. அந்த அரசே 1915-இல் ஒரு குழு அமைத்து, நீண்ட வேலைநேரத்தால் உண்மையில் எவ்வளவு பயன் என்று பதிவு செய்யத் தொடங்கியது. அந்தப் பதிவுகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஜான் பென்காவெல் மீண்டும் எடுத்து ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை எழுதினார். வாரத்துக்கு ஏறக்குறைய 49 மணி நேரம் வரை, வேலைநேரத்துக்கு ஏற்ப உற்பத்தியும் கூடுகிறது. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு கூடுதல் மணியும் தரும் பலன் குறைந்துகொண்டே போகிறது. எழுபது மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்திக்கும் ஐம்பத்தாறு மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்திக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. இடையில் உள்ள பதினான்கு மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண்கள் வீட்டில் தூங்கியிருக்க வேண்டிய நேரம் அது; யாருக்கும் பயன்படாமல் போயிற்று.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. ஜெர்மனியின் யேனா நகரில் கண்ணாடி வில்லைகளும் நுண்ணோக்கிகளும் செய்துவந்த சைஸ் (Zeiss) நிறுவனத்தில், அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த எர்ன்ஸ்ட் ஆபே 1900-ஆம் ஆண்டு வேலைநேரத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார். அன்றாட உற்பத்தி குறையவில்லை. சற்றுக் கூடவே செய்தது. ஆபே ஓர் இயற்பியலாளர். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதவர்கள் செய்யும் வேலையில் இருந்தவர், இதையும் அளந்துதான் பார்த்தார். மாற்றத்துக்கு முன் தம் பணியாளர்களிடம், எட்டு மணி நேரத்தில் ஒன்பது மணி நேர வேலையைச் செய்ய முடியும் என்று நம்புகிறீர்களா என்று அவர் கேட்டிருந்தார் என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறேன். கேட்டார் என்பதே பாதி வேலையைச் செய்திருக்கும் என்பது என் எண்ணம்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்காவில் 393 செவிலியர்கள் தங்கள் பணிநேரத்தையும் அதில் நேர்ந்த பிழைகளையும் நாள்தோறும் குறித்துவைத்த பதிவேடுகளை ஆன் ரோஜர்ஸ் என்ற ஆய்வாளரின் குழு தொகுத்து 2004-இல் வெளியிட்டது. பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து பணியில் இருந்தால் பிழை நேரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. ஷிப்ட் முதலில் எவ்வளவு நேரத்துக்கு என்று போடப்பட்டிருந்தாலும், அதைத் தாண்டி நீட்டிப்பதே பிழைக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதும் அதில் தெரியவந்தது. செவிலியர் செய்யும் பிழை என்றால் தவறான மருந்து, தவறான அளவு. அந்தப் பிழைக்குப் பிறகு விசாரணை நடக்கும். கையெழுத்துப் போட்ட செவிலியரின் பெயர் அதில் இருக்கும். அவரைப் பதினான்காவது மணி நேரத்தில் நிறுத்திவைத்த ஆணையில் கையெழுத்துப் போட்டவரின் பெயர் இருக்குமா?

தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைத்திறனும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் காட்டினார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்கு வந்தவர் கட்டாய ஓ.டி. முடித்து இரவு பத்து மணிக்குத் தன் இருசக்கர வண்டியில் வீடு திரும்புகிறார் என்றால், அந்தப் பதினேழு மணி நேரம் அவர் வண்டியின்மேல் இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. உங்கள் வாசலுக்கு வெளியே நடப்பதால் அது உங்கள் விபத்துப் பதிவேட்டில் ஏறாது. அவர் வீட்டாருக்கு அந்த வேறுபாடு ஒன்றுமில்லை. உடல்நலத்தைப் பற்றி உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று போதும்: வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் அதிகம். 2016-ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறு உலகம் முழுவதும் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று அந்த அமைப்புகள் மதிப்பிட்டன.

நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். அவற்றில் சிலவற்றில் உண்மையும் இருக்கிறது.

"ஓ.டி.க்குக் கூடுதல் கூலி கொடுக்கிறோமே" என்பீர்கள். கொடுக்கிறீர்கள், கொடுக்கவும் வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் கொண்டுவந்த முதலாவது உடன்படிக்கையே ஓ.டி.க்கு வழக்கமான கூலியில் குறைந்தது ஒன்றேகால் மடங்கு தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. பல நாடுகளின் சட்டங்கள் அதைவிடக் கூடுதலாகவே வாங்கித்தருகின்றன. ஆனால் கூலி என்பது உழைப்புக்கான விலை. எங்கள் மறுப்பையும் சேர்த்து விலைக்கு வாங்கியதாக நீங்கள் எண்ணிக்கொள்வதைத்தான் நான் ஏற்கவில்லை.

"ஓ.டி. வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களே இருக்கிறார்களே" என்பீர்கள். உண்மை. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, தங்கையின் திருமணம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் போதாததால்தான் பலர் கேட்கிறார்கள் என்பது வேறு கதை. அதைத் தனியாகப் பேச வேண்டும். இப்போதைக்கு இவ்வளவு சொல்கிறேன்: கேட்கிறவருக்குக் கொடுங்கள். அவருடைய தேவையைக் காட்டி, கேட்காதவரை நிறுத்திவைக்காதீர்கள். விரும்புகிறவர் யார், முடியாதவர் யார் என்று ஒரு பட்டியல்கூட எடுக்காமல் எல்லோர் பெயரையும் ஒரே தாளில் எழுதுவதால், விரும்பிச் செய்பவரும் தன் விருப்பத்துக்கான மரியாதையை இழந்துவிடுகிறார்.

"அவசரம்" என்பீர்கள். அவசரம் என்றால் என்ன என்பதையும் அந்த 1919 உடன்படிக்கை எழுதிவைத்திருக்கிறது. விபத்து நடந்தாலோ நடக்கும் போலிருந்தாலோ, இயந்திரத்தில் உடனடியாகப் பழுது பார்க்க வேண்டியிருந்தாலோ, மனித சக்திக்கு அப்பாற்பட்ட நிலை வந்தாலோ வேலைநேர வரம்பை மீறலாம் என்றது. அப்போதும் வழக்கமான வேலை பெரிதும் தடைபடாமல் காக்கும் அளவுக்கு மட்டுமே. வெள்ளம் வந்தால், தீப்பிடித்தால், நோயாளி நடு அறுவைச் சிகிச்சையில் இருந்தால், நீங்கள் கேட்காமலே நாங்கள் நிற்போம், நின்றும் இருக்கிறோம். ஆனால் எங்கள் பிரிவில் நான்கு காலியிடங்கள் நிரப்பப்படாமல் இருப்பது அவசரம் ஆகாது. அது ஒரு முடிவு. உங்கள் மேசையில் எடுக்கப்பட்ட முடிவு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் செவிலியர்களுக்கான கட்டாய ஓ.டி.யை 2009 முதல் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. பேரிடர், அரசு அறிவித்த நெருக்கடி, நோயாளி பராமரிப்பில் எதிர்பாராமல் எழும் அவசரம் ஆகியவற்றுக்கு விலக்கு அளித்தது. வழக்கமான ஆள் குறைவை அந்த விலக்குக்குள் அது சேர்க்கவில்லை. நிரந்தரமாக ஓ.டி. போட்டு ஓட்டும் ஒரு பிரிவில் வேலை அதிகம் என்று அர்த்தமில்லை, ஆட்கள் குறைவு என்று அர்த்தம். அந்தக் குறையை யாருடைய தூக்கத்தால் அடைக்கிறோம் என்பதைத் திட்டமிடும் கூட்டத்தில் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மேசை வேலை பார்க்கும் நண்பர்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. அவர்களுக்குத் தாள் வருவதில்லை, மணி அடிப்பதில்லை, கூடுதல் கூலியும் இல்லை. "இன்று இரவுக்குள் முடிந்துவிட்டால் நல்லது" என்ற ஒரு வரி போதும். அதை மறுத்தவரின் பெயர் ஆண்டு மதிப்பீட்டில் எப்படி எழுதப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். வேலைநேரத்துக்குப் பிறகு அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பிரான்ஸ் 2017-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது இந்தக் காரணத்தால்தான்.

மேற்பார்வையாளர்களுக்காகவும் இரண்டு வார்த்தை. தாளைக் கொண்டுவந்து வாசிப்பவர் அவர்தான். அதைத் தயாரித்தவர் அவர் அல்லர். யாருடைய தாயாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்குக் கைக்குழந்தை என்று அவருக்குப் பெயர் பெயராகத் தெரியும். தெரிந்துகொண்டே வாசிக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது அவரைப் பார்த்து. எங்களோடு நின்று வேலை கற்று மேலே போனவர், இன்று எங்களோடு உட்கார்ந்து சாப்பிடத் தயங்குகிறார். ஒரு பிரிவின் ஒற்றுமை குலைவது இப்படித்தான்.

நான் கேட்பவை எல்லாம் வேறு இடங்களில் நடைமுறையில் உள்ளவையே. முதலில் கேளுங்கள்; விரும்புகிறவர்களின் பட்டியலை மாதத் தொடக்கத்திலேயே எடுத்துவையுங்கள். எந்த நாட்களில் முடியும், எந்த நாட்களில் முடியாது என்று ஒவ்வொருவரும் எழுதிக்கொடுக்கட்டும். அந்தப் பட்டியலில் ஆள் போதாத நாளில் சுழற்சி முறையில் கேளுங்கள். எப்போதும் "சரி" என்று சொல்லும் அதே மூன்று பேரின் தலையில் கட்டாதீர்கள். முடியாது என்பவரிடம் காரணம் கேட்டு மெமோ கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். தண்டனைக்குப் பயந்து செய்யும் அளவுமீறிய ஓ.டி.யைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் அடையாளங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது என்பதை உங்கள் மனிதவளத் துறை அறிந்திருக்க வேண்டும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது முன்னறிவிப்பு. நாளை ஓ.டி. இருக்கிறது என்று இன்றே சொன்னால், மாடிப்படித் திருப்பத்தில் நடக்கும் கெஞ்சல்களில் பெரும்பகுதி நடக்காமல் போகும். ஒரு நாள் முன்னதாகச் சொல்வதற்கு உங்களுக்கு எந்தச் செலவும் இல்லை. வாடிக்கையாளரின் தேவை பெரும்பாலும் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. திடீரென்றுதான் தெரிந்தது என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். உண்மையான காரணம் சொல்லப்படும் நாளில் எங்களில் பலர் தாமாகவே நிற்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்குவதற்குள் தொடர்ந்து பதினொரு மணி நேர ஓய்வு தர வேண்டும், ஓ.டி. சேர்த்து வார வேலைநேரம் சராசரியாக 48 மணியைத் தாண்டக் கூடாது. அதிக உழைப்பால் நேரும் மரணங்களைப் பல பத்தாண்டுகள் பார்த்துவிட்ட ஜப்பான், 2018-இல் சட்டத்தைத் திருத்தி, ஓ.டி.க்கு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்று பொது வரம்பு வைத்தது. நாமும் ஒரு வரம்பை எழுதிவைத்து, அதை மீறும்போது மேலிடத்தின் கையெழுத்து வேண்டும் என்று ஆக்கலாம். இரவு வெகுநேரம் வரை நிறுத்திவைத்தவரை மறுநாள் காலை முதல் ஷிப்டில் போடுவதை மட்டுமாவது நாளையிலிருந்தே நிறுத்திவிடலாம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. அடுத்த மாதப் பணிப்பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது அதன் அருகிலேயே இன்னொரு தாளையும் ஒட்டுங்கள்: ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை காலியிடங்கள், அவை எப்போதிலிருந்து காலியாக இருக்கின்றன, சென்ற மாதம் எத்தனை மணி நேரம் ஓ.டி. போடப்பட்டது, அதில் கேட்டுப் பெற்றது எவ்வளவு, விதித்துப் பெற்றது எவ்வளவு. நாங்கள் எல்லோரும் படிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். நீங்களும் போகும்போது வரும்போது பாருங்கள்.

விருப்பப் பட்டியலை நீங்கள் தொடங்கும் நாளில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம். செவ்வாயும் வியாழனும் என்னால் இருக்க முடியும்.

இப்படிக்கு,
உங்கள் ஷிப்ட் பணியாளர்களில் ஒருவர்